பதின்மூன்று வயதில் நின்ற படிப்பு!
மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போன புதுக்கோட்டைப் பெண் சட்டசபைத் துணைத் தலைவரான கதை

எட்டாம் வகுப்பில் படிக்கும் பெண்ணுக்கு என்ன வயது இருக்கும்? பன்னிரண்டு, அல்லது பதின்மூன்று.

இன்று அந்த வயதுப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். வகுப்புத் தலைவியாக இருக்கிறாள். மேடை ஏறிப் பேசுகிறாள். ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்குகிறாள். அதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

ஆனால், ஏறக்குறைய நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, புதுக்கோட்டையில் ஒரு பெண்ணுக்கு அதே வயதில் படிப்பு நின்றுபோயிற்று. அவள் படிப்பில் மட்டம் அல்ல. கெட்டிக்காரி! வீட்டில் சோற்றுக்குக் கஷ்டமும் இல்லை. பிறகு ஏன் நின்றது?

அவள் பெரியவளாகிவிட்டாள். அவ்வளவுதான்!

வயதுக்கு வந்த பெண் வாசற்படி தாண்டக் கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். பள்ளிக்கூடம் போகக் கூடாது. அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. மாப்பிள்ளை வரும் வரை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணும் வீட்டுக்குள் இருந்தாள். ஆனால் சும்மா இருக்கவில்லை!

பிற்காலத்தில் அவர் டாக்டர் ஆனார். ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதல் பெண்மணி ஆனார். சென்னை சட்டசபைக்குத் துணைத் தலைவர் ஆனார். அடையாற்றில் புகழ்பெற்ற புற்றுநோய் ஆஸ்பத்திரியை உண்டாக்கினார்.

ஆம்! அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஒரு சிறுமி எப்படி இவ்வளவு பெரிய தலைவி ஆனார்? அது ஒரே நாளில் நடந்த மாயம் அல்ல. படிப்படியாக நடந்தது. அந்தப் படிகளைப் பார்ப்போம்.

பால் கணக்கு போதும்!

முத்துலட்சுமி பிறந்தது 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி. அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். தொண்டைமான் வம்சத்து ராஜாக்கள் ஆண்டு வந்தார்கள். 1948-ல்தான் அது இந்தியாவோடு இணைந்தது. புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974-ல்.

தந்தையின் பெயர் நாராயணசாமி அய்யர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள். தேவதாசி மரபில் வந்தவர்.

இரண்டு வேறு சாதிகளைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து வாழ்ந்த குடும்பம் அது. அந்தக் காலத்தில் ஊர் அதை எப்படிப் பார்த்திருக்கும்? சொல்ல வேண்டியதில்லை! பிறந்த நாள் முதலே அந்தக் குழந்தைமீது ஊர்ப் பேச்சின் நிழல் விழுந்திருந்தது.

அந்த நாளில் பெண் குழந்தைகளுக்குப் படிப்பு என்றால் என்ன? பால்காரன் கணக்கு எழுதத் தெரிய வேண்டும். சலவைக்குப் போட்ட துணிக் கணக்கு எழுதத் தெரிய வேண்டும். அது போதும்! அதற்கு மேல் பெண்ணுக்கு எதற்கு எழுத்து என்று கேட்டார்கள்.

1901-ல் எடுத்த மக்கள் தொகைக் கணக்கைப் பார்த்தால் நிலைமை புரியும். இந்தியாவில் ஆயிரம் பெண்களை வரிசையாக நிறுத்தினால், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆறு பேர்தான்!

ஆனால் முத்துலட்சுமி பால் கணக்கோடு நிற்கவில்லை. ஆசிரியர் ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்தார். தந்தை அதற்குச் சம்மதித்தார். சிறுமி ஆவலோடு படித்தாள். வகுப்புக்கு வகுப்பு ஏறினாள்.

பதின்மூன்று வயது வந்தது. கதவு சாத்தப்பட்டது!

வீடே பள்ளிக்கூடம்!

தாயாருக்கு ஒரே கவலை. மகளுக்கு ஒரு நல்ல இடத்தில் கல்யாணம் செய்து வைத்துவிட வேண்டும் என்று நினைத்தார். அதில் தப்பு என்ன? ஊர் வாயை அவர் அறிவார். சிறு வயதிலேயே பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டால் நிம்மதி என்று அந்தத் தாய் மனம் நினைத்தது.

மகளோ, "கல்யாணம் இப்போது வேண்டாம், படிக்க வேண்டும்" என்று நின்றாள்.

தந்தை என்ன செய்வார்? அவர் வாழ்நாளெல்லாம் பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். தன் மகள் படிக்க ஆசைப்படும்போது எப்படித் தடுப்பார்? பள்ளிக்கூடம் போக முடியாவிட்டால், பள்ளிக்கூடத்தை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவது என்று முடிவு செய்தார். வீட்டிலேயே பாடம் நடந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைக்கு மணி அடித்தால் பாடம். பக்கத்தில் தோழிகள் இருப்பார்கள். போட்டி இருக்கும். படிக்காவிட்டால் ஆசிரியர் கண்டிப்பார். வீட்டுக்குள் தனியாகப் படிக்கும் பெண்ணுக்கு இவை ஒன்றும் இல்லை. தானே எழுந்திருக்க வேண்டும். தானே புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

பிறரை நடத்திச் செல்லப் போகிறவர் முதலில் தன்னைத் தானே நடத்தப் பழக வேண்டும் அல்லவா? அந்தப் பழக்கம் அவருக்கு வீட்டு அறையிலேயே வந்துவிட்டது!

1902-ஆம் ஆண்டு. முத்துலட்சுமிக்கு வயது பதினாறு. மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதினார். தேறினார்!

பதின்மூன்று வயதில் நின்றுபோன படிப்பு, பதினாறு வயதில் பட்டணத்துப் பிள்ளைகளுக்குச் சமமாக வந்து நின்றது.

ராஜாவின் உத்தரவு

அடுத்தது என்ன? கல்லூரி. ஆனால் புதுக்கோட்டையில் இருந்தது ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி ஒன்றுதான்.

1904-ல் முத்துலட்சுமி அதற்கு மனுப் போட்டார்.

ஊரே திகைத்தது! ஆண்கள் கல்லூரியில் ஒரு பெண்ணா? பையன்களோடு உட்கார்ந்து ஒரு பெண் படிப்பதா? அவளைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப் போவார்கள் என்றுகூட எதிர்த்தார்கள். அவருடைய பிறப்பைக் காட்டியும் பேசினார்கள்.

அப்போது ராஜாவாக இருந்தவர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். விஷயம் அவரிடம் போயிற்று. அவர் எதிர்ப்பைப் பொருட்படுத்தவில்லை. "சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று உத்தரவு போட்டார். அது மட்டும் அல்ல. உபகாரச் சம்பளமும் கொடுத்தார்!

முத்துலட்சுமி கல்லூரிக்குப் போனார். எப்படிப் போனார் தெரியுமா? நாலு பக்கமும் மூடிய குதிரை வண்டியில்! கல்லூரிக்கு உள்ளே அவர் உட்காரும் இடத்துக்கும் பையன்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு திரை. ஆசிரியரின் முகம் தெரியும். கூடப் படிக்கும் பையன்களின் முகம் தெரியாது.

நினைத்துப் பாருங்கள்! ஒரு வகுப்பு முழுவதும் ஆண்கள். ஒரு மூலையில் திரைக்குப் பின்னால் ஒரே ஒரு பெண். அவர் ஒரு தப்புச் செய்தால், "பார்த்தாயா? பெண்ணுக்குப் படிப்பு ஏறாது" என்பார்கள். ஒரு நாள் வராவிட்டால், "சொன்னோமே!" என்பார்கள்.

அவர் தமக்காக மட்டும் படிக்கவில்லை. இனி வரப்போகும் பெண்கள் எல்லாருக்காகவும் சேர்த்துப் பரீட்சை எழுதினார். தேறினார்.

சென்னைக்குப் பயணம்

1907-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் முத்துலட்சுமி சேர்ந்தார்.

அந்தக் கல்லூரிக்கு ஒரு பெருமை உண்டு. 1875-லேயே அது பெண்களுக்குக் கதவு திறந்துவிட்டது. மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணி உட்பட நான்கு பேர் அப்போது சேர்ந்தார்கள். ஆனால் தமிழ்நாட்டின் ஒரு சிற்றூரிலிருந்து பெண் கிளம்பி வந்து டாக்டருக்குப் படிப்பது அன்றும் அபூர்வம்தான்.

இந்தியப் பெண்களில் முதன்முதலாக டாக்டர் பட்டம் பெற்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் மராட்டியப் பெண்மணி ஆனந்திபாய் ஜோஷி. அமெரிக்கா சென்று படித்தவர். இன்னொருவர் வங்காளப் பெண்மணி காதம்பினி கங்கூலி. கல்கத்தாவில் படித்தவர். இருவரும் பட்டம் பெற்ற ஆண்டு 1886. என்ன ஒற்றுமை பாருங்கள்! அதே ஆண்டில்தான் புதுக்கோட்டையில் முத்துலட்சுமி பிறந்தார்.

பெண் டாக்டர்கள் அன்று எவ்வளவு தேவை? பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணைக்கூட ஆண் டாக்டரிடம் காட்டத் தயங்கினார்கள். படிக்காத மருத்துவச்சி கையில் விட்டுவிட்டுக் கடவுளை வேண்டினார்கள். தாயும் சாவாள், சேயும் சாகும். "விதி" என்று சொல்லிவிடுவார்கள். ஒரு பெண் டாக்டர் ஊரில் இருந்தால் அந்த விதியை மாற்றியிருக்கலாம்!

1912-ல் முத்துலட்சுமி டாக்டர் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரியில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்த்தார்.

வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று தடுக்கப்பட்ட பெண், இப்போது மற்றப் பெண்களின் உயிரைக் காக்கும் இடத்துக்கு வந்துவிட்டார்!

கல்யாணம்... ஆனால் நிபந்தனை!

1914-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை டாக்டர் சுந்தர ரெட்டி.

அந்தக் காலத்தில் பெண்ணிடம் சம்மதம் கேட்பதே அபூர்வம். முத்துலட்சுமியோ நிபந்தனை போட்டார்! தம்மைச் சமமாக மதிக்க வேண்டும். தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்றார். சுந்தர ரெட்டி ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டபடி கடைசி வரை நடந்தும் காட்டினார். அவர்களுக்கு இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன.

1925-ல் முத்துலட்சுமி மேல்படிப்புக்காக லண்டன் போனார். கணவரும் உடன் போனார். 1926-ல் பாரிஸ் நகரில் உலகப் பெண்கள் வாக்குரிமை மாநாடு நடந்தது. அதிலும் முத்துலட்சுமி கலந்துகொண்டார்.

பதின்மூன்று வயதில் வாசலைத் தாண்டாத பெண், நாற்பது வயதில் கடல் தாண்டிப் பல நாட்டுப் பெண்கள் நடுவே உட்கார்ந்தார்!

சட்டசபையில் முதல் பெண்

சென்னை மாகாணத்தில் 1921-ல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. ஆனால் சட்டசபையில் உறுப்பினராகும் உரிமை 1926-ல்தான் வந்தது. உரிமை வந்தாயிற்று, யாரை அனுப்புவது?

இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரைச் சொன்னது. அவர் முதலில் தயங்கினார். வைத்தியத் தொழில் கெட்டுவிடுமே என்று யோசித்தார். பிறகு இசைந்தார். சர்க்கார் அவரை உறுப்பினராக நியமித்தது. சட்டசபை அவரை ஏகமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

கல்லூரியில் ஆண்கள் நடுவே திரைக்குப் பின்னால் உட்கார்ந்தவர், இப்போது ஆண்கள் நிறைந்த சபையில் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தார். நடுவே திரை இல்லை!

அந்த நாற்காலியை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதுதான் முக்கியம்.

சின்ன வயதில் அவர் தமக்காகக் கேட்டார். "எனக்குப் படிப்பு வேண்டும்" என்றார். "எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம்" என்றார். சட்டசபைக்கு வந்த பிறகு அதே இரண்டையும் ஊருக்காகக் கேட்டார்.

ஏழைப் பெண் குழந்தைகளுக்கு இலவசப் படிப்பு வேண்டும் என்றார். பள்ளிப் பிள்ளைகளை டாக்டர்கள் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் கமிட்டியிலும் உறுப்பினராக இருந்தார்.

சிறு குழந்தைகளுக்குக் கல்யாணம் செய்யும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். பெண்ணுக்குப் பதினாறு, ஆணுக்கு இருபத்தொன்று என்று கல்யாண வயதை உயர்த்தும்படி 1928-ல் சட்டசபையில் தீர்மானம் கொண்டு வந்தார். 1929-ல் நாடு முழுவதுக்கும் சாரதா சட்டம் வந்தது. அது பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று வைத்தது. இன்று சட்டப்படி பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று.

அவர் கேட்டது அன்றைக்கு அதிகம் என்று பலருக்குத் தோன்றியது. இன்று சட்டமே அவரைத் தாண்டிப் போய்விட்டது!

தாய் மரபின் கண்ணீர்

முத்துலட்சுமி நடத்திய போராட்டங்களில் மிகக் கடுமையானது ஒன்று உண்டு. அது அவர் தாயார் பிறந்த மரபைப் பற்றியது.

சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவார்கள். அதன் பிறகு அந்தப் பெண் வேறு யாரையும் மணக்க முடியாது. ஆடுவாள், பாடுவாள். கலையில் சிறந்தவர்கள் அவர்களில் பலர். ஆனால் பணக்காரர்களின் ஆசைக்கு இரையானவர்கள் அதைவிடப் பலர். பிறந்த பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயர் இல்லை. பெண் பிறந்தால் அவளுக்கும் அதே கதி.

வெளியே வந்துவிடலாமே என்று கேட்கலாம். எப்படி வருவது? அவர்களுக்கு மானிய நிலம் உண்டு. கோயிலில் ஊழியம் செய்தால்தான் அந்த நிலம். ஊழியத்தை விட்டால் நிலமும் போய்விடும். சோறு போய்விடும்! அதனால் தாயே மகளைப் பொட்டுக் கட்டச் சம்மதிக்க வேண்டிய கொடுமை.

முத்துலட்சுமி இந்த முடிச்சைக் கண்டுகொண்டார். முதலில் அதைத்தான் அவிழ்த்தார்! 1929-ல் அவர் முயற்சியால் வந்த சட்டத் திருத்தம் மானிய நிலத்தை ஊழியத்திலிருந்து விடுவித்தது. இனி ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அவர்களுக்கே. சோற்றுக்குப் பயந்து அடிமையாக இருக்க வேண்டியதில்லை!

அடுத்தபடியாகப் பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவைக் கொண்டு வந்தார். எதிர்ப்பு கிளம்பியது. மதத்தில் தலையிடுவதா என்றார்கள் சிலர். கலை அழிந்துவிடும் என்றார்கள் சிலர். அந்த மரபுப் பெண்களிலேயே ஒரு பகுதியினர் எதிர்த்து மனு அனுப்பினார்கள். தங்கள் தொழிலையும் மானத்தையும் பற்றிப் பிறர் பேசுவதை அவர்கள் விரும்பவில்லை.

அதே மரபில் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றவர்களோ ஊர் ஊராகப் போய் முத்துலட்சுமியின் பக்கம் நின்று பேசினார்கள்.

முத்துலட்சுமி தம் பிறப்பை மறைத்து வாழ்ந்திருக்கலாம். அவர் டாக்டர், நல்ல குடும்பம், சமூகத்தில் பெரிய இடம். "நமக்கேன் வம்பு?" என்று இருந்திருக்கலாம். இந்தப் பேச்சை எடுத்தால் தம் தாயாரைப் பற்றி ஊர் மறுபடியும் பேசும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் எடுத்தார்! கல்லூரி வாசலில் பட்ட அவமானத்தை அவர் மனத்துக்குள் வைத்துக் குமையவில்லை. இன்னொரு பெண் குழந்தைக்கு அது வரக் கூடாது என்று சட்டமாக்கப் பாடுபட்டார்.

அந்தச் சட்டம் உடனே வந்துவிடவில்லை. பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1947-ல் நாடு சுதந்திரம் அடைந்த பிறகுதான் சென்னை சட்டசபையில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது.

பதவியை உதறினார்!

1930-ஆம் ஆண்டு. உப்பு சத்தியாக்கிரகம். மகாத்மா காந்தியை ஆங்கிலேய சர்க்கார் சிறையில் அடைத்தது.

அதைக் கண்டித்து முத்துலட்சுமி சட்டசபைப் பதவியை ராஜினாமா செய்தார்! எவ்வளவோ பாடுபட்டுப் பெண் குலத்துக்குக் கிடைத்த முதல் நாற்காலி. அதைத் தூக்கி எறிய அவருக்கு ஒரு கணம்கூடத் தயக்கம் இல்லை.

பதவி போனால் தலைமை போய்விடுமா? போகவில்லை!

பொட்டுக் கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த இளம் பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் தயங்கின. முத்துலட்சுமி தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். சட்டம் பேசியவர் சோறும் போட்டார்! 1930-31-ல் இப்படிப் பிறந்ததுதான் ஔவை இல்லம். ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்கு உணவும் உறைவிடமும் படிப்பும் கொடுத்த அந்த இல்லம், பிறகு அடையாறுக்கு மாறி வளர்ந்தது.

சகோதரியின் சாவு

முத்துலட்சுமியின் மனத்தில் இன்னொரு காயமும் இருந்தது. அவருடைய சகோதரி புற்றுநோயால் இறந்தார். டாக்டராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காப்பாற்ற முடியவில்லை! அந்தக் கையாலாகாத துயரம் அவரை விடவில்லை.

மற்றவர்கள் அழுது ஓய்ந்திருப்பார்கள். அவர் லண்டனில் இருந்தபோது புற்றுநோய் வைத்தியத்தைப் பற்றிக் கற்றுக்கொண்டார். இந்த நோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் பேசினார். யார் கேட்டார்கள்? புற்றுநோய் வந்தால் சாவுதான், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று உலகம் நினைத்த காலம் அது.

அவர் விடவில்லை. 1949-ல் மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டத் தொடங்கினார். 1952-ல் பிரதமர் ஜவஹர்லால் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அப்போது முத்துலட்சுமிக்கு வயது அறுபத்தேழு!

தொடக்கத்தில் இருந்தவை பன்னிரண்டு படுக்கைகள்தாம். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் பல ஆண்டுகள் அல்லும் பகலும் உழைத்து அதை வளர்த்தார்கள். டாக்டர் சாந்தா 2021-ல் மறையும் வரை அந்த ஆஸ்பத்திரியே அவருக்கு வீடாக இருந்தது. ஏழைகளும் நம்பி வரும் இடமாக அடையாறு இன்றும் விளங்குகிறது.

1956-ல் முத்துலட்சுமிக்குப் பத்ம பூஷண் விருது கிடைத்தது. 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி அவர் காலமானார். எண்பத்திரண்டாவது பிறந்த நாளுக்கு எட்டு நாட்கள் இருந்தன.

அவர் பிறந்த ஜூலை 30-ந் தேதியை, 2019 முதல் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் மருத்துவமனை நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஏழைக் கர்ப்பிணிப் பெண்களுக்கு உதவித் தொகை கொடுக்கும் அரசுத் திட்டமும் அவர் பெயரிலேயே நடக்கிறது.

மூடிய வண்டியும் சைக்கிளும்

புதுக்கோட்டை அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது.

1991-ல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தார்கள். வயலில் களை எடுத்த பெண்களும், கல் உடைத்த பெண்களும் மாலையில் சிலேட்டு எடுத்தார்கள். எழுத்தோடு இன்னொன்றும் கற்றார்கள். அது சைக்கிள்! அப்போது கலெக்டராக இருந்தவரும் ஒரு பெண்மணிதான். ஷீலா ராணி சுங்கத் என்பது பெயர்.

ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள், கேலி பேசினார்கள். அவர்கள் கவலைப்படவில்லை. தண்ணீர்க் குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு, குழந்தையை முன்னால் வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். அண்ணனையும் கணவனையும் எதிர்பார்த்திருக்க வேண்டாம்!

ஒரு காலத்தில் ஒரே ஒரு மாணவி மூடிய வண்டியில் ஒளிந்து போன ஊர் அது. அதே மண்ணில் கிராமத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் போனார்கள். மகாராஜா கல்லூரி இன்றும் மன்னர் கல்லூரி என்ற பெயரோடு நடக்கிறது. அங்கே மாணவிகள் திரை இல்லாமல் படிக்கிறார்கள். 2017-ல் புதுக்கோட்டையிலேயே அரசாங்க மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. டாக்டருக்குப் படிக்கப் பட்டணம் போகத்தான் வேண்டும் என்பதில்லை!

நம் வீட்டுப் பெண்

ஆனால் எல்லாக் கதவும் திறந்துவிட்டன என்று சொல்லிவிட முடியுமா?

எட்டாம் வகுப்போடு பெண்ணை நிறுத்தும் வீடுகள் இன்றும் உண்டு. "உயர்நிலைப் பள்ளி தூரத்தில் இருக்கிறது" என்பார்கள். "தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்" என்பார்கள். "நல்ல வரன் வந்தது, விட மனம் இல்லை" என்பார்கள். ஒவ்வொரு காரணமும் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். முத்துலட்சுமியின் தாயாரும் கெட்ட எண்ணத்தில் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லையே! மகளின் நன்மைக்கு என்று நினைத்துத்தான் எடுத்தார்.

அன்று நாராயணசாமி அய்யருக்கு அரசாங்க உதவி கிடையாது. ஊர் ஆதரவு கிடையாது. வீட்டிலேயே பாடம் நடத்தினார். இன்று பெற்றோருக்கு அவ்வளவு சிரமம் இல்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 முதல் நடக்கிறது. அந்தத் திட்டத்துக்கு யார் பெயர் தெரியுமா? முத்துலட்சுமிக்குத் துணை நின்ற அதே மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயர்தான்!

எல்லாப் பெண்களும் சட்டசபைக்குப் போக வேண்டும் என்பதில்லை. எல்லாரும் டாக்டர் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் பதின்மூன்று வயதில் ஒரு பெண், "நான் இன்னும் படிக்கிறேன்" என்று சொன்னால், அது வெறும் பிடிவாதம் என்று நினைத்துவிடக் கூடாது. அவளுக்குத் தன் காலில் நிற்கும் புத்தி வருகிறது. இன்று தனக்காகக் கேட்கிறவள், நாளைக்குத் தன் தெருவுக்காகக் கேட்பாள். பிறகு ஊருக்காகக் கேட்பாள்.

புதுக்கோட்டையில் ஒரு தகப்பனார் அந்தக் குரலுக்குக் காது கொடுத்தார். அதனால் நாட்டுக்கு ஒரு டாக்டர் கிடைத்தார். அனாதைப் பெண்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. புற்றுநோயாளிகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி கிடைத்தது.

உங்கள் வீட்டுப் பெண் இன்று மாலை பள்ளிக்கூடம் விட்டு வந்து, "அப்பா, நான் மேலே படிக்க வேண்டும்" என்று சொன்னால் என்ன பதில் சொல்லப் போகிறீர்கள்?